டிரைவர் இழுத்தால் திறக்கும் கதவு

பன்னிரண்டு நாள் ஊர் சுற்றியாகிவிட்டது. இன்றைக்கு வீடு. விடிந்ததிலிருந்து மடிப்பக்காவின் மனசில் இந்த ஒரு நினைப்புதான்.

மடிப்பக்கா என்பது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வைத்த பேர், தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. மெஷினிலிருந்து சுடச்சுட விழுகிற படுக்கை விரிப்புகளைப் பத்தொன்பது வருஷமாக மடித்து அடுக்குகிறவள். நாலு மூலையும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். சரி, லீவிலாவது அந்தக் கைக்கு ஓய்வு உண்டா? இந்த வேனில் மேஜையை மடித்தால்தான் கட்டில், கட்டிலை மடித்தால்தான் மேஜை. அடுப்பை மடித்து வைத்தால்தான் நடக்கவே வழி. யார் மடிப்பது? கேட்கவே வேண்டாம்.

வேன் அவள் புருஷனின் கைவேலை. முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷர், ஆறு மாசம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு பழைய வேனைப் பிடித்து, தட்டித் தட்டி, படுக்கவும் சமைக்கவும் வசதி பண்ணினார். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். ஆனால் பஸ்காரர் புத்தி எங்கே போகும்? முன்னால் தன் சீட்டை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்து சீட்டைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டார். அவளுக்குப் பின்னால் கதவோரத்தில் ஒரு பெஞ்சு. அந்தக் கதவுக்கு உள்ளே கைப்பிடியே கிடையாது! பஸ்ஸில் இருக்கிற மாதிரி அவர் கையோரமாக ஒரு லீவர். அவர் இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும்.

"உள்பக்கம் ஒரு கைப்பிடி வச்சா என்னங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"பயணி கதவத் தொடக் கூடாது. கதவு தொறந்திருந்தா நான் வண்டிய ஒரு அடி நகர்த்த மாட்டேன். முப்பத்தொரு வருஷத்துல நகர்த்தினதே இல்ல."

பயணியாம்! கட்டின பெண்டாட்டி பயணி! பன்னிரண்டு நாளும் ஒன்றுக்குப் போவதென்றால்கூட அவரைத்தான் கேட்டாக வேண்டும். "அடுத்த ஸ்டாப்புக்கு இருபது நிமிஷம்" என்பார். அவள் முட்டியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மத்தியானம் மூன்றரைக்கு, கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி, ஏதோ டீசல் போட்டதைச் சொல்கிற மாதிரி அவர் சொன்னார்.

"வீட்ட காலி பண்றோம்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு வேற குடும்பம் அட்வான்ஸ் குடுக்க வருது, வாங்கிட்டா வீடு அவங்களுக்குத்தான். இனிமே இந்த வண்டிதான் நமக்கு வீடு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சிலிருந்து முன்னால் எட்டிக் கேட்டாள்.

"என் வேலை?"

"விட்டுரு. எத்தனை நாளைக்குத்தான் மடிப்ப?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

ஆகா, என்ன நியாயம்! வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். அது இரண்டே அறை வீடுதான். ஆனால் ஷிப்ட் முடிந்து எட்டு நிமிஷம் நடந்து வந்து, பின்னறைத் தரையில் கையைக் காலை நீட்டி அவள் படுப்பாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி நாளை ஓட்டினாள்.

போனை எடுத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள். அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வேனோ தகர டப்பா மாதிரி கடகடத்தது. "யாரு? ஒண்ணுமே கேக்கலையே!" என்று வைத்துவிட்டார். இன்னொரு தரம், அதே கதை.

"வண்டிய நிறுத்துங்க."

"இனி ஸ்டாப் கிடையாது. அஞ்சே முக்காலுக்கு நேரா வீடுதான், சாமான ஏத்தணும்."

ஜன்னல் நாலு விரல் அளவுக்குத்தான் திறக்கும். முன்னால் அவர் முதுகு, பக்கத்தில் கைப்பிடி இல்லாத கதவு. மணி நாலாகி, நாலரையும் ஆனது. கத்த வேண்டும் போலிருந்தது.

நாலே முக்காலுக்கு ரோட்டில் தார் போடுகிற இடம் வந்தது. ஒருத்தன் சிவப்புக் கொடியை நீட்டினான். வண்டி நின்றது.

மடிப்பக்கா எழுந்தாள். அவர் தோளுக்கு மேலே எட்டி லீவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். பன்னிரண்டு நாள் பார்த்த பாடம் ஆயிற்றே! படக்கென்று கதவு திறந்தது. படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே போட்டுக்கொண்டாள்.

"ஏய், என்ன இது? உள்ள வா!"

"இன்ஜின அணைங்க."

கொடி பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. "கதவ மூடணும், கால எடு!" என்று அவர் கத்தினார். அவள் அசையவில்லை. கதவு திறந்திருக்க வண்டியை நகர்த்த அவருக்குக் கை வருமா? வரவில்லை. இன்ஜினை அணைத்தார். சத்தம் அடங்கியதும் அவள் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான்தான் மடிப்பக்கா. வீட்ட யாருக்கும் குடுத்துராதீங்க."

"ரெண்டு பேரும் போறோம்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே?"

"அவர் போனா போகட்டும்மா. நான் அங்கதான் இருப்பேன்."

அந்தம்மாவுக்காக அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொடிக்காரனுக்கே கேட்டது, அவருக்குக் கேட்காதா? "சரி, அவங்களுக்கு இல்லன்னு சொல்லிடறேன்" என்று அந்தம்மா போனை வைத்தார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "இப்ப மூடுங்க" என்றாள்.

அவர் கை லீவர்மேல் அப்படியே இருந்தது. "நெசமாவா? நான் போனா போகட்டுமா?"

"கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

மீதி வழி முழுக்க அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அவள் கேட்காமலே கதவு திறந்தது. இறங்கினாள். அவர் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. அவள் வீட்டுக் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, பின்னறைக்குப் போய்த் தரையில் கையைக் காலை நீட்டிப் படுத்தாள். வேன் கதவு மூடுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து இன்ஜின் நின்றது.