ஹலோ சார் கட்டிய பக்கம்

பதினெட்டு வருஷம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்டது அவருடைய குரல்தான். "ஹலோ, சொல்லுங்க" என்பார். அதனால் டாக்டரிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் அவர் 'ஹலோ சார்'. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியின் நூற்று நாற்பது உள் எண்களும் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தன. எந்த டாக்டர் எந்த நாளில் எத்தனை மணிக்கு வருவார் என்று அவரைக் கேட்டால் போதும், ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

பிறகு ஒரு நாள் அவர் இணைப்புக் கொடுத்துவந்த தொலைபேசி போர்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று பேசுகிற இயந்திரம் வந்தது. ஹலோ சாருக்கு வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். நாற்காலி இருந்தது, சம்பளம் வந்தது, வேலை மட்டும் இல்லை. "உங்களுக்கென்ன சார், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கலாம்" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் தோளைத் தட்டினார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. வேலை செய்யத் தெரிந்த மனிதனைச் சும்மா உட்காரவைத்துவிட்டு அதற்கு ராஜா என்று பெயர் வேறு!

நிர்வாக அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். விருப்ப ஓய்வுப் படிவம் ஒன்றை மேஜை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தார். மாதம் ஒரு முறை கூப்பிட்டு, "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்பார். யாருடைய விருப்பம் என்று படிவத்தில் எழுதியிருக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஹலோ சார் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய பழைய மடிக்கணினியில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் உண்டு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் இணையதளத்தைத் திறந்தார். டாக்டர்கள் வரும் நேரம் என்ற பக்கத்துக்குப் போனார். இயந்திரக் குரல் "படம்" என்றது. அவ்வளவுதான். யாரோ ஒரு புண்ணியவான் அட்டவணையைத் தாளில் அச்சடித்து, போட்டோ எடுத்து, அப்படியே பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கண் டாக்டர் எப்போது வருவார் என்பதைக் கண் நன்றாகத் தெரிகிறவர்கள் மட்டுமே தெரிந்துகொள்ளலாம். ஒரு ஆஸ்பத்திரிக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும்?

கடிதம் எழுதினார். இரண்டு வருஷத்தில் மூன்று கடிதம். மூன்றுக்கும் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. படம் அப்படியே இருந்தது.

சரி, நாமே செய்துவிடுவோம் என்று கணினி வகுப்பு நடத்துகிற இடத்துக்குப் போனார். வலைப்பக்கம் கட்டுகிற ஹெச்.டி.எம்.எல். படிக்க வேண்டும் என்றார். அங்கிருந்தவர் அவருடைய வெள்ளைக் கோலைப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் கண்ணால பார்த்துப் பண்ற வேலைங்க. நீங்க வேணா டைப்பிங் சேருங்களேன்" என்றார். ஹலோ சார் வெள்ளைக் கோலைத் தரையில் தட்டின தட்டில் பக்கத்து அறையில் பாடம் நின்றது.

பார்த்துச் செய்கிற வேலையாம்! வீட்டில் உட்கார்ந்து இலவசப் பாடங்களைக் காதால் கேட்க ஆரம்பித்த மூன்றாம் நாளே அந்த ஆளின் லட்சணம் தெரிந்துவிட்டது. ஹெச்.டி.எம்.எல். முழுக்க முழுக்க எழுத்து. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல். முன்னால் ஒன்று போட்டுத் திறக்க வேண்டும், பின்னால் ஒன்று போட்டு மூட வேண்டும். மூட மறந்தால் தலைப்பு முடியாமல் பக்கம் முழுவதும் தலைப்பாக ஓடும். போர்டில் ஒரு லைனைக் கொடுத்துவிட்டு எடுக்க மறந்தால் ஆகிற கூத்துதான். பதினெட்டு வருஷத்தில் ஒரு லைனைக்கூட அவர் எடுக்க மறந்ததில்லை. படம் வைத்தால் அதற்குள்ளேயே 'இது இன்ன படம்' என்று ஒரு வரி எழுதிவைக்கவும் இடம் இருந்தது. ஒரே ஒரு வரி! அதை எழுதக்கூட ஒருத்தனுக்குக் கை வரவில்லையே என்று தெரிந்தபோது அவருக்குக் கோபம் இரட்டிப்பானது.

அடுத்த மாதம் அதிகாரி கூப்பிட்டபோது, "அந்தப் பக்கத்தை நான் எழுதித் தரேன் சார்" என்றார்.

அதிகாரி சிரித்தார். பிறகு, சிரித்தது தப்போ என்று தோன்றியிருக்க வேண்டும். "ஒரு வாரம் டைம். சரியா வந்தா இணையதள வேலை உங்களோடது. வரலைன்னா மறு பேச்சில்லாம கையெழுத்துப் போட்டுடணும். ஆனா பார்க்க அழகா இருக்கணும், கலரெல்லாம் வேணும்" என்றார்.

அழகு என்றால் அழகு. பாடத்திலிருந்து நிறத்துக்கான இரண்டு வரிகளை எடுத்து மேலே போட்டுக்கொண்டார். கரு நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. கீழே அட்டவணையை வரிசை வரிசையாகக் கட்டினார். மென்பொருளைப் படிக்கவிட்டால், கண் பிரிவு, திங்கள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று தண்ணீர் மாதிரி ஓடியது.

சட்டைக் கம்பெனியில் காஜா தைக்கிற அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு தடவை நான் பார்த்துடறேங்க. இதுல நம்ம பிழைப்பு இருக்கு."

"யார் கண்ணும் வேணாம். நான் கேட்டாச்சு, சரியா இருக்கு."

"கோபத்துல பேசாதீங்க."

"கோபத்துலதான் படிச்சேன். கோபத்துலயே முடிச்சுக்கறேன்" என்று மடிக்கணினியை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கையாலேயே பக்கம் இணையதளத்தில் ஏறியது. எட்டரைக்கு வரவேற்பு மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்பதுக்கு மேல் நிற்கவே இல்லை. வரவேற்பில் இருந்த பெண் இரண்டு கையிலும் ரிசீவரோடு, "அண்ணா, பக்கத்துல ஒண்ணுமே இல்லைங்கறாங்க. வெறும் வெள்ளையா இருக்காம்" என்றாள்.

"என்னம்மா சொல்றே? எனக்கு வரி வரியாப் படிக்குது!"

ஒன்பதரைக்கு அதிகாரி படிவத்தோடு வந்து நின்றார். கூடவே ஆள் கூட்டம். யாரோ சிரிப்பை அடக்குவது ஹலோ சாருக்குக் கேட்டது. காது சுட்டது. முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். எழுத்து வெள்ளை என்ற வரி இருந்தது. பின்னணி வரியைக் காணோம்; அது இல்லாவிட்டால் பக்கம் வெள்ளையாகவே நிற்கும். முந்தின நாள், மனைவி வந்து உட்காருவதற்கு முன்னால் வரிகளைச் சுத்தம் செய்கிறபோது, ஒரே வரி இரண்டு தடவை இருப்பதாக நினைத்து ஒன்றை அழித்திருந்தார். இருந்ததே ஒன்றுதான். வெள்ளைத் தாளில் வெள்ளை மை. காதுக்கு முழு அட்டவணை, கண்ணுக்கு வெறும் சுவர். மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். வீம்பு பிடித்த தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஒன்றரை மணி நேரம்!" என்று அதிகாரி கத்தினார். "ஒன்றரை மணி நேரமா ஒருத்தராலயும் ஒண்ணும் படிக்க முடியலை! நாற்பது போன்! நோயாளிங்களை இப்படியா அலைக்கழிக்கறது? மனுஷங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க, சொல்லுங்க!"

ஹலோ சார் விட்டுப்போன வரியை முதலில் அடித்தார். "இப்ப பாருங்க சார்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "வந்துடுச்சு" என்றாள் வரவேற்புப் பெண்.

"வந்தா என்ன? பேச்சு பேச்சுதான். கையெழுத்துப் போடுங்க" என்று அதிகாரி படிவத்தை மேஜையில் வைத்தார்.

ஹலோ சார் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை, போர்டில் பேசுகிற அதே குரல்தான்.

"போடறேன் சார். தப்பு என்னோடதுதான். காரணம்ங்கற கட்டத்துல நீங்களே எழுதுங்க. 'ஒன்றரை மணி நேரம் பக்கத்தைப் படிக்க முடியாம வெச்சிருந்தார்'னு எழுதுங்க. எழுதிட்டு இன்னொரு படிவம் எடுங்க. ரெண்டு வருஷமா என்னை மாதிரி ஆளுங்க யாரும் படிக்க முடியாம வெச்சிருந்தவருக்கு. நான் மூணு கடிதம் போட்டேன், ஒருத்தரும் கத்தலை. ரெண்டு படிவத்துலயும் ஒரே காரணம்தான் வரும். எழுதுங்க சார், நான் காத்திருக்கேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவர் இப்போது மூச்சைத்தான் அடக்கிக்கொண்டிருந்தார். பேனா திறக்கிற சத்தம் கேட்டது. எழுதுகிற சத்தம் கேட்கவில்லை. பிறகு பேனாவின் மூடி திரும்பவும் மாட்டப்பட்டது, தாள் இரண்டாக மடிந்தது.

"இணையதளத்துல அந்த லேப் டெஸ்ட் பக்கமும் படம்தானே?" என்றார் அதிகாரி. "அது எப்ப முடியும்?"