கடைசிப் பக்கத்தின் முதற் பெயர்

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் கல்முனைக்குடிக்குப் போய் நதீராவின் கழுத்தைப் பார்க்கலாம். காட்ட மாட்டாள், அது வேறு விடயம். எந்த வெயிலிலும் முக்காட்டைத் தாடை வரை இறுக்கித்தான் சுற்றியிருப்பாள்.

1979ஆம் ஆண்டு மார்ச் மாதம். முந்திய நவம்பரில் அடித்த சூறாவளி ஊரின் பாதி ஓடுகளைக் கொண்டுபோயிருந்தது. நதீராவுக்குப் பதினேழு வயது. பக்கத்து வீட்டில் இருந்த, மச்சி முறையான றம்ஸியாவுக்குப் பதினைந்து. றம்ஸியாவின் வாப்பா முத்தலிப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சாமான் சுற்ற அவர் வாங்கிய பழைய தாள் மூட்டைக்குள்ளிருந்துதான் றம்ஸியா அந்த நாவலைப் பொறுக்கி எடுத்தாள். அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கம் இல்லை. எழுதியவர் யாரென்றும் தெரியாது.

கதை இதுதான். கடலில் செத்த ஒருவன் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியைக் காதலிக்கிறான். ஆளில்லாத நேரம் பார்த்து அவள் வீட்டுக்கு வருவான். வலது கையில் நடுவிரல் இல்லை. கோபம் வந்தால் அவளை அடிப்பான். அடித்துவிட்டு அழுவான். கடைசியில் அவள் அவனோடு கடலுக்குள் நடந்து போகிறாள்.

கல்யாணமாகாமல் வீட்டோடு இருக்கும் குமர்ப்பிள்ளைகளுக்கு இது போதாதா? புத்தகம் கடப்புக்குக் கடப்பு பறந்தது. கடப்பு என்பது பெண்கள் புழங்குவதற்காக வேலியில் விடும் இடைவெளி. தெருவில் கால் வைக்காமலே அந்த வழியாக ஊரைச் சுற்றி வந்துவிடலாம்.

புத்தகம் வரும்போதே அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கருத்து இருந்தது. 'அவர் அடிப்பதும் அன்புதான். எனக்குத் தெரியும். – ஹாஜறா.' யார் அந்த ஹாஜறா என்று எவளுக்கும் தெரியாது. ஆனால் அதைப் பார்த்து, வாசித்தவள் எல்லாம் பெயரோடு கருத்து எழுத வேண்டும் என்று தங்களுக்குள் சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

'மூன்று தரம் வாசித்தேன், மூன்று தரமும் அழுதேன்' என்று ஒருத்தி. 'நடுவில் இழுவை, முடிவு நல்லம்' என்று முனவ்வறா. றம்ஸியா வெட்கமே இல்லாமல், 'இப்படி ஒருவர் என் கடப்பால் வந்தால் வாங்க என்பேன்' என்று எழுதினாள்.

நதீராவுக்கு வாசிக்க வாசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் அழுத்தி எழுதினாள். 'பேயோ மனிதனோ, பெண்ணுக்குக் கை நீட்டுகிறவன் காதலன் இல்லை. என் கடப்பால் வந்தால் உலக்கையால் போடுவேன்.' றம்ஸியா இன்னொரு தரம் வாசிக்கக் கேட்டாள். நதீரா அவளிடமே புத்தகத்தைக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். இரண்டு வீட்டு உம்மாமாரும் மருதமுனையில் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார்கள். நதீரா குசினி வாசலில் தனியாக மா இடித்துக்கொண்டிருந்தாள்.

12.35. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. வெயில் கொளுத்தியது.

12.40. குத்பா பாதியில் நின்றுபோனது. காகம்கூடக் கத்தவில்லை. உலக்கையை நிறுத்திவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். அன்று காலைதான் வெள்ளை மணல் பரப்பிக் கூட்டியிருந்தாள்.

மணலில் ஈரக் கால் தடங்கள். பெரிய கால்கள். அவளுடைய கிணற்றடியில் தொடங்கி, குசினி வாசலைத் தாண்டி, கடப்புக்குப் போயிருந்தன. குசினி வாசலில்தான் அவள் இவ்வளவு நேரமும் நின்றாள். யாரும் போகவில்லை.

கடப்புப் படல் திறந்து கிடந்தது.

சடார்...

றம்ஸியாவின் வீட்டிலிருந்துதான். கன்னத்தில் அறை விழும் சத்தம். கொஞ்சம் அமைதி. மறுபடியும் சடார்... அதன்பிறகு ஓர் ஆண் அழுதான்.

புத்தகத்திலும் அப்படித்தான். அடித்துவிட்டு அழுவான்.

நதீரா உலக்கையோடு ஓடினாள்.

றம்ஸியா அறை நடுவில் மண்டியிட்டிருந்தாள். அவள் தலைமயிர் மேலே நெட்டுக்குத்தாக நின்றது. பிடித்திருந்த கையைக் காணவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை இழுபட்டுக் கதவு நிலையில் மோதியது. ஒரு தரம். இரண்டு தரம். வாயிலிருந்து பல் தெறித்து விழுந்தது. அப்படியும் அவள் சிரித்தாள்.

"மச்சி, நீங்க போங்க. அவருக்குக் கொஞ்சம் கோவம், அவ்வளவுதான் கா."

இன்னொரு தரம் மோதினால் செத்துப்போவாள். அது நதீராவுக்குத் தெரிந்தது.

உலக்கையை ஓங்கிப் போட்டாள். வெறும் காற்றில் போட்ட அடி ஈர மூட்டையில் விழுந்ததுபோல் பொத்தென்று நின்றது.

றம்ஸியாவின் மயிர் சரிந்தது.

அடுத்த நொடி நதீராவின் கழுத்தில் ஒரு கை.

குளிர்ந்த கை... கால் தரையை விட்டு எழும்பியது... சுவரில் முதுகு அறைந்தது. காதோடு உப்பு நாற்றம்.

"எழுதினதை அழி."

மூச்சு இல்லை. கண் இருண்டது. இல்லையென்று தலையை ஆட்டப் பார்த்தாள். பிடி இறுகியது.

சர்ரக்...

தாள் கிழியும் சத்தம். றம்ஸியா பாயில் கிடந்த புத்தகத்திலிருந்து தன் கருத்தை மட்டும் பிய்த்திருந்தாள். இரத்த வாயில் திணித்து மென்றாள். விழுங்கினாள்.

"நான் எழுதினது பொய். போ."

கை விட்டது.

12.52. குத்பா மீண்டும் கேட்டது. அது நடுவில் நிற்கவே இல்லை என்று பள்ளிக்குப் போன எல்லாரும் பிறகு சத்தியம் செய்தார்கள்.

றம்ஸியாவுக்கு மூன்று பல் போனது. நெற்றியில் ஏழு தையல். முத்தலிப் அன்று மாலையே புத்தகத்தை அடுப்பில் போட்டு, சாம்பலாகும் வரை பக்கத்தில் நின்றார். நதீராவின் கழுத்தில் ஒரு பக்கம் பெருவிரல் அடையாளம். மறுபக்கம் மூன்று விரல்கள். நடுவில் ஒரு விரலுக்கான இடம் வெறுமையாக இருந்தது.

நான்காம் நாள் சல்மா உம்மா சுகம் விசாரிக்க வந்தார். ஊரில் செத்துப்போன பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். நதீராவின் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சூறாவளிக்கு மறுநாள் பதினொரு மையித்துகளைக் குளிப்பாட்டினாராம். அதில் கடற்கரைக் குடிசைப் பெண் ஒருத்தி. கூரை வளை விழுந்து செத்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவள் கழுத்திலும் இதே அடையாளம், இதே வெறுமை. மையித்தில் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது குளிப்பாட்டுகிறவர்களின் வழமை. அதனால் வாயை மூடிக்கொண்டு கபன் துணியைச் சுற்றிவிட்டார்.

"பதினாறு வயசுப் புள்ள. ஹாஜறா எண்டு பேர்" என்றார்.

நதீரா வெடுக்கென்று நிமிர்ந்தாள். அந்தப் புத்தகத்தில் முதற் கருத்து அவள் எழுதியதுதான் என்று சொல்லி, எழுதியிருந்ததையும் ஒப்பித்தாள்.

சல்மா உம்மா அவளுடைய முக்காட்டை இழுத்துக் கழுத்தை மூடினார்.

"அந்தப் புள்ள பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல மகள். அதுக்கு அதிட பேர எழுதவும் தெரியா."