தையல்காரியின் நாக்கு

வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்த புதிது. துணி துவைக்கும் தொட்டி போல ஒன்று, அதற்குள் ரத்தம் ஓடும் செலோபேன் குழாய்ச் சுருள். அதைத்தான் செயற்கைச் சிறுநீரகம் என்றார்கள். தபால்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, அவர் மனைவி அதை இயக்கக் கற்றுக்கொண்டாள். அவள் தையல்காரி. "தையல் மெஷினை மேய்க்கிறவளுக்கு இது என்ன பிரமாதம்!" என்றாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த உப்புப் பொட்டலங்களைத் தொட்டித் தண்ணீரில் கரைக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே அதிலும் உப்பு இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. அளக்கும் கருவி ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. வீட்டில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பதே சோதனை. நர்ஸ் அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

தபால்காரர் உப்பு சாப்பிடக்கூடாது. "அவர் சப்புனு சாப்பிட, எனக்கு மட்டும் ருசி கேக்குதா?" என்று தையல்காரியும் உப்பை விட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்த வீட்டில் அது தட்டிலே. தங்கை வந்து கேலி செய்தாள், திட்டினாள். பிடிவாதக்காரியை யாரால் அசைக்க முடியும்?

மாதங்கள் போயின. கரைசல் சில நாளாகவே கரிப்பது போலிருந்தது. அன்று காலை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். 'அடிப்பாவி, பொட்டலத்தை ரெண்டு தடவை போட்டுட்டேனா?' தொட்டியில் பாதியை இறைத்துக் கொட்டி, நல்ல தண்ணீரை நிரப்பினாள். நாக்கு சரி என்றதும் அவரை இயந்திரத்தோடு இணைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ பண்ணுதும்மா." குழாயில் ரத்தம் அடர்த்தி போய்க் கண்ணாடி போலத் தெரிந்தது. குழாய்களில் கவ்விகளைப் போட்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நர்சுக்குப் போன் செய்தாள்.

"குழாயில இருக்கற ரத்தத்தை உள்ள திருப்பி விட்டுடாதீங்கக்கா, அது கெட்டுப்போச்சு!" என்று கத்திய நர்ஸ், ஆஸ்பத்திரி வண்டியோடு வந்தாள். தொட்டியில் விரலை நனைத்து நக்கிப் பார்த்தாள். "வெறும் தண்ணியா இருக்கே! நீங்க என்ன சாப்பிடறீங்க?"

"அவர் சாப்பிடறதுதான்."

நர்ஸ் தலையில் கைவைத்தாள். "உப்பே படாத நாக்குக்குத் துளி உப்பும் கரிக்கும்க்கா."

தபால்காரர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தையல்காரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் அன்பே அவரைக் கொல்லப் பார்த்ததே என்ற வெட்கம் அவளைத் தின்றது.

வீடு திரும்பியதும் அவர் தானே ஒரு முட்டையை வேகவைத்து உரித்து, உப்பைத் தூவி அவள் முன் வைத்தார்.

"உங்களை வச்சுக்கிட்டு எனக்கு எப்படிங்க இறங்கும்?"

"என் உசிரு உன் நாக்குலதான் இருக்கு. தின்னு."

தின்றாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எச்சிலை விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"கரிக்குதுங்க" என்று அழுதாள்.

அவர் இன்னொரு சிட்டிகை உப்பை எடுத்துத் தூவினார்.