முறுக்கு சுடாத வீடு

எங்களுக்கு அப்பா என்றால் லீவு. பள்ளிக்கூட லீவு அல்ல, ராணுவ லீவு. வருடத்துக்கு ஒருமுறை கறுப்பு டிரங்குப் பெட்டியோடு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவார். இரண்டு மாதம் இருப்பார். போய்விடுவார். அவர் இருக்கும்வரை வீட்டில் யாரும் யாரையும் திட்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பிச்சாவரம் பக்கத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவிடம் மற்ற நாட்களில் சண்டை போட்டுப் பொடிமீன் வாங்குகிறவள், அப்பா வந்துவிட்டால் பேரமே பேசாமல் நண்டும் இறாலுமாக வாங்கித் தள்ளுவாள். மீன்காரம்மாவுக்கும் அப்பாவின் லீவு என்றால் கொண்டாட்டம்தான்.

லீவு முடியப் போகிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா முறுக்கு சுடுவாள். பெரிய டின்னைக் கழுவி வெயிலில் காயவைத்து, அடியில் பேப்பர் போட்டு, முறுக்கை அடுக்குவாள். கூடவே பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய். அந்த எண்ணெய் வாசனை வந்தாலே எனக்கும் தம்பிக்கும் அழுகை வந்துவிடும். உடைந்த முறுக்கெல்லாம் எங்களுக்கு. அழுதுகொண்டே தின்போம். அழுகிறோம் என்பதற்காகத் தின்பதை நிறுத்தியதில்லை.

அப்பா ஒரேயடியாக ஓய்வுபெற்று வந்தது 2005-இல். நான் சிதம்பரத்திலேயே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி கடலூரில் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படித்தான். அதே பெட்டி, அதே பஸ் ஸ்டாண்ட். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், ஆனால் காலி செய்யவில்லை. தேவைப்படும் சட்டையை மட்டும் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். காலையில் எழுந்து போர்வையை மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பார். டி.வி. போடுவதற்கு முன்னால் அம்மாவைப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

"வுடுங்க. நீங்க போயி ஒக்காருங்க."

அவரும் போய் உட்காருவார். உட்காருவதைத் தவிர அந்த வீட்டில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. ஒருநாள் குழாய் ரிப்பேர் செய்ய ஒரு பையன் வந்தான். எந்த இடத்தில் உடைக்கலாம், எங்கே வளைக்கலாம் என்று அப்பா விலாவாரியாகச் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "என்னாக்கா செய்யட்டும்?" என்றான். அப்பா முற்றத்துக்குப் போய், ஏற்கெனவே காய்ந்த துணியைத் திருப்பிப் போட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் என்ன செய்வது, அந்த வீடு அம்மா நடத்திய வீடு.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே அந்த எண்ணெய் வாசனை வந்தது. உள்ளே அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா ஊருக்குப் போறா?"

அச்சை அழுத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "யாரும் போவல. சும்மா தின்றதுக்குத்தான்," என்றாள். பக்கத்தில் அந்தப் பெரிய டின் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. அப்பா வந்தார், டின்னைப் பார்த்தார், ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. தூசி தட்டி, பூட்டுக்கு எண்ணெய் விட்டிருந்தார்.

அந்த வாரமே கடலூர் ராணுவ கேன்டீனில் சாமான் வாங்கப் போனார். பை தூக்க நானும் போனேன். அங்கே அவரோடு வேலை பார்த்த ஒருவரைச் சந்தித்தார். இருவரும் வெகுநேரம் தள்ளி நின்று இந்தியில் பேசிக்கொண்டார்கள். திரும்பும்போது, தொழிற்சாலைகள் இருக்கும் செம்மங்குப்பத்தை பஸ் தாண்டியதும் அப்பா சொன்னார்.

"நான் திரும்ப வேலைக்குப் போவலாம்னு இருக்கேன்."

"இங்க கம்பெனியிலயா? செக்யூரிட்டியா?"

"இல்லம்மா, வடக்க. ராணுவ கோடவுனுக்குக் காவல். ரிட்டயர் ஆனவங்கள திரும்ப எடுத்துக்கறாங்களாம். லீவு உண்டு. வருசத்துக்கு ஒருதரம் வரலாம்."

"அம்மாவ கேட்டீங்களா?"

"கேக்கணுமா? அவதான் முறுக்கே சுட்டுட்டாளே."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். பட்டாளத்தில் காலத்தைக் கழித்துவிட்டு வந்த மனிதர், தன் சொந்த வீட்டுக்கு வருடத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்று எண்ணும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் போட்டு உடைத்தேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"கைப்பழக்கம்டி அது! ரெண்டு மாசம் ஆச்சு, தானா அரிசிய ஊறவெச்சிட்டேன். அதுக்குன்னு கெளம்பிடுவாரா?" குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் என்னா செய்றதுன்னு தெரியலடி. மத்தியானத்துல கால நீட்டிப் படுக்கக்கூட கூச்சமா இருக்கு. ரெண்டு மாசம்னா மூச்சப் புடிச்சிக்கிட்டு நல்ல பொண்டாட்டியா இருந்துடலாம். எந்நாளும் அப்படி இருக்க முடியுமா?"

"அப்ப போவட்டுங்கறியா?"

"போவட்டும்னா சொன்னேன்? இத்தினி வருசம் ஒண்டியா கெடந்தது திரும்பவும் ஒண்டியா கெடக்கறதுக்கா?"

மறுநாள் காலையில் அம்மா ஒரு துணிப்பையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "கத்திரிக்கா வாங்கிட்டு வாங்க," என்றாள். அதற்கு முன்னால் அவரைக் கடைக்கு அனுப்பியதே இல்லை. அப்பா இஸ்திரி போட்ட பேண்ட், உள்ளே சொருகிய சட்டை சகிதம் மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வந்தது ஆட்டோவில். கால் வைக்க இடமில்லாமல் ஒரு மூட்டை கத்திரிக்காய், ஒரு முழுப் பரங்கிக்காய், கட்டுக்கட்டாகக் கீரை. கடைசி வருடங்களில் அவர் பட்டாளத்து சமையல்கூடத்துக்குக் காய்கறி வாங்கிப் போடும் பொறுப்பில் இருந்தவர். அந்த அளவில்தான் அவருக்கு வாங்கத் தெரியும்.

"சல்லிசா கெடச்சிது," என்றார் பெருமையாக.

அம்மா வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"எத்தினி பேரு இருக்கோம் இந்த வூட்ல? பட்டாளத்துக்கா ஆக்கிப் போடப் போறேன்? இவ்ளோ வயசாச்சு, ஒரு கத்திரிக்கா வாங்கத் தெரியுதா உங்களுக்கு?"

தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா குதிகாலைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நேராக நின்றார். அதிகாரி முன்னால் நிற்கும் பழக்கம்.

"திருப்பிக் குடுத்துட்டு வரட்டா?"

"குடுத்தா வாங்குவானா? போயி தெருவுல ஆளுக்கு ரெண்டு குடுத்துட்டு வாங்க."

வீடு வீடாகப் போய்க் கத்திரிக்காய் கொடுத்துவிட்டு வந்தார். தெருக்காரர்கள் பலர் அவரோடு பேசியதே அன்றுதான். திரும்பி வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கம்மா என்னத் திட்டுனா, பாத்தியா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல்முறையாம்.

அன்று மத்தியானம் அம்மா கூடத்தில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினாள். எழுந்ததும், "அந்தப் பொட்டிய ஒழிச்சிக் குடுங்க. எலித் தொல்ல ஜாஸ்தியா இருக்கு, அரிசி கொட்டி வெக்கணும்," என்றாள். அப்பா மறுபேச்சில்லாமல் துணிகளை அலமாரிக்கு மாற்றினார். வடக்கே போகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அதன்பின் இருவரும் மற்ற வீடுகளைப் போலவே சண்டை போட்டார்கள். உப்புக்கு, சேனலுக்கு, மோட்டாரை நிறுத்த மறந்ததற்கு. சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அம்மா அதற்குப் பிறகு முறுக்கு சுடவில்லை. தீபாவளிக்குக்கூட இல்லை. அப்பா கேட்டால், "எண்ணெ ஆவாது," என்று வாயை அடைத்துவிடுவாள்.

2012-இல் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கருமாதியன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தோம். நண்டு, இறால், கத்திரிக்காய்க் குழம்பு. அப்பாவின் அக்கா, என் அத்தை, கடையிலிருந்து முறுக்கு வாங்கி வந்திருந்தார். "என் தம்பிக்கு இதுன்னா உசுரு," என்று சொல்லித் தட்டோடு கொண்டுவந்து இலையோரம் வைத்தார். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா எட்டிக் கையை நீட்டித் தடுத்தாள்.

"அது மட்டும் வாணாம் அண்ணி, எடுத்துடுங்க. முறுக்கப் பாத்தா பொட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவாரு."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கை போன போக்கில், அரிசிப் பெட்டியாகிவிட்ட அப்பாவின் டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தேன். பிறகு அங்கிருந்தும் எடுத்துவிட்டேன்.