அத்தை அறையின் கூரைமேல் கவிழ்த்த கலயங்கள்

எங்கள் மாடி அறையின் கூரைவேலை எனக்காகத்தான் நடந்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் இரண்டொருவரிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீடு. கீழே நாங்களும் பெரியப்பா குடும்பமும் நெருக்கியடித்து இருந்தோம். மொட்டைமாடியில் ஓர் அறை, அதன்மேல் வெறும் கான்கிரீட். சதுரத் தட்டோடுகள் பதிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா விட்டிருந்தார். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். அப்படி வந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அந்த அறையில் தங்கினாள். ஆடி போய் தை வந்தும் போடியிலிருந்த புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன்.

பெரியப்பா கெட்டவரல்ல. "தங்கச்சி எப்பப் போகுது?" என்று ஊர் கேட்டுக் கேட்டே அவரை அலுக்க வைத்திருந்தது. "சித்திர வரட்டும், அந்த ரூம்புல மனுசன் இருக்க முடியாது. அதுவாவே கெளம்பிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போ என்று சொல்லும் பாவத்தை வெயிலிடம் ஒப்படைத்துவிட்டார்.

வெயில் பங்குனியிலேயே வேலையைத் தொடங்கியது. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கூரை இரவில் எங்கள்மேல் இறக்கும். அத்தை ஈரச்சேலையை விரித்துப் படுப்பாள், வாயே திறக்கமாட்டாள். முதுகெல்லாம் வேர்க்குரு என்று அப்பாவிடம் அழுதது நான்தான். அப்பா மாடியேறி, அத்தை படுக்கும் இடத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

அந்த வாரமே டிராக்டரில் மண்கலயங்கள் வந்தன. கொத்தனார் அவற்றை அறையின் கூரைமேல் நெருக்கி நெருக்கிக் கவிழ்த்தார். உள்ளே அடைபட்ட காற்று சூட்டைக் கீழே விடாதாம். சந்துகளில் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு.

"ஏலே, நாளைக்குப் போற பிள்ளைக்கு இம்புட்டு எதுக்கு?" என்றார் பெரியப்பா. அப்பா காதில் வாங்காமல் கலயம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தட்டோடு பதித்த அன்று, அத்தையைக் கூட்டிப்போக அவள் புருஷனின் அண்ணனும் அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் காரில் வந்தார்கள். பெரியப்பா முகம் மலர்ந்து நாற்காலி போட்டார். அத்தை அடுப்படியில் கதவோரமாக நின்றாள். வந்தவர்கள் பேச்சைத் தொடங்குமுன், "மேல வாங்க, வேலையப் பாத்துட்டுப் பேசலாம்" என்று அப்பா கூட்டிப்போனார். மொட்டைமாடி வெயிலில், மடிப்புக் கலையாத வேட்டியோடு இருவரையும் ஏணியிலும் ஏற்றிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"வேல பலமாத்தான் இருக்கு. வாடகைக்கு விடப் போறீகளா மச்சான்?" என்றார் புருஷனின் அண்ணன்.

"தங்கச்சி இருக்கதுக்கு. வருசா வருசம் வெயில் அடிக்கும்ல" என்றார் அப்பா.

இறங்கியவர்கள் காபியைத் தொடாமல் காரில் ஏறினார்கள். பெரியப்பா கொஞ்சநாள் அப்பாவிடம் முகம் கொடுக்கவில்லை. எனக்கென்னவோ, அந்த உச்சிவெயிலில் மேலே ஏற்றியதுதான் விருந்தாளிகளுக்குக் கோபம் என்று பட்டது. அப்பாவுக்கு நேரம் காலம் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலையில் தட்டோட்டுக்குத் தண்ணீர் விட அத்தை ஏறினாள். அவளை யாரும் ஏவவில்லை. நேரமாகியும் இறங்காததால் நானும் ஏறிப் பார்த்தேன். ரப்பர் குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருக்க, கொத்தனாரின் பலகையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். இமையை விரித்துப் பிடித்து, அக்கறையாக ஊதிவிட்டேன்.

அத்தை அசையாமல் இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, மற்றக் கண்ணையும் காட்டினாள்.