குளத்தில் கழுவிய வாளி

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் தூண்டில் போடுகிறவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். சிலோப்பியை மீன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் ஒன்று, ஒப்புக்கொள்ளாதவர்கள் மற்றொன்று. தமிழ்நாட்டில் ஜிலேபி என்கிறார்களே, அதே மீன்தான். வெளிதேசத்திலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டதாம். கால்வாய் முழுக்க அதுவாகவே ஆகிவிட்டிருந்தது. நான் ஒப்புக்கொள்ளாத கட்சி. மிளகுக் கிடங்குக் குமாஸ்தாவுக்கு இந்த வீராப்பு எதற்கு என்று என் மனைவி கேட்பாள். என்னிடம் பதில் இருந்தது. சிலோப்பி எதைப் போட்டாலும் கடிக்கும். வெறும் முள்ளைக்கூடக் கடிக்கும். அதைப் பிடிக்கத் தூண்டில்காரன் எதற்கு?

ஞாயிறுதோறும் நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டுக் குளத்தில் உட்காருவோம். வீட்டுக்காரர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி, எல்லோருக்கும் சேட்டன். அடுத்தவர் ஒரு தையற்காரர். குளத்தில் கரிமீன் நிறைய உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டைக்குக் காவல் நிற்கிற மீன் அது. சிலோப்பி புகுந்தால் அந்த முட்டைகளைத் தின்றே குளத்தை அழித்துவிடும் என்பார் சேட்டன். ஆகவே அங்கே ஒரே சட்டம், சிலோப்பி குளத்துப் பக்கமே வரக்கூடாது. கால்வாயில் மாட்டினாலும் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது. கரையில் எறிந்துவிட வேண்டும், காக்கை தின்னட்டும்.

எறிந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டு, செத்ததுதானே என்று குளத்தங்கரைக்கும் எடுத்து வருகிறவர் எங்களில் நான்காமவர். கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"இது உள்ளூரா வெளியூரான்னு வயித்துக்குத் தெரியுமா அண்ணே? முளகு அரச்சு வெச்சா எல்லாம் மீனுதான்" என்பார். தையற்காரர் மூக்கைப் பொத்திக் காட்டுவார். அதற்கும் சிரிப்பார்.

கடைத்தெருவில் அவரை 'டா' போட்டுக் கூப்பிடாதவர் கிடையாது. குளத்தங்கரையில் மட்டும் அவருக்கும் எங்களுக்கும் ஒரே பலகை, ஒரே கெட்டில் சாயா. அந்தப் பலகைக்காகவே ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிறு காலை, குளத்துக்குப் போகும் வழியில் கால்வாயில் கொஞ்ச நேரம் தூண்டில் போட்டேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலோப்பி மாட்டியது. கைதவறி இரை இறால் கிடந்த வாளியில் போட்டுவிட்டேன். உடனே சட்டம் நினைவு வந்து, எடுத்துக் கரையில் எறிந்தேன். குளத்துக்கு வந்தபோது வாளித் தண்ணீர் கலங்கி, கொசுப்புழு மாதிரி ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. இறாலை எடுத்து வைத்துவிட்டு, வாளியைக் குளத்துப் படியில் கவிழ்த்து நன்றாகக் கழுவினேன்.

மழைக்காலம் முடிந்ததும் தையற்காரரின் தூண்டிலில் குளத்துச் சிலோப்பி ஒன்று ஏறி வந்தது. பிறகு போட்ட தூண்டிலில் எல்லாம் வந்தது. எல்லோர் கண்ணும் சுமைக்காரரின் பைக்குத்தான் போயிற்று. என் கண்ணும்தான்.

அந்த வாரமே கால்வாயில் எனக்கு மறுபடியும் ஒன்று மாட்டியது. கையில் பிடித்ததும் வாயைத் திறந்து குஞ்சு குஞ்சாகக் கக்கியது. கொசுப்புழு அளவுதான். குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிற தாய்மீன். குளத்துப் படியில் நான் கவிழ்த்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த ஞாயிறு சேட்டன் கேட்டேவிட்டார். "ஆரா இதக் கொண்டுவந்தது? சத்தியம் பறையணும்."

"நாம மூணு பேரும் அதத் தொடவே மாட்டோமே" என்றார் தையற்காரர்.

சுமைக்காரர் பையை உதறிக் காட்டினார். "செத்த மீனத்தான் சேட்டா நான் பொறுக்குறேன். செத்தது எப்படிப் பெருகும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் பலகையில் என் இடம் போய்விடும். அந்தப் பயம் ஒன்றுதான் எனக்கு இருந்தது.

"ஒண்ணு ரெண்டு உசுரோட இருந்திருக்கலாம்" என்றேன்.

அவர் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் சந்து மாறிப் போனேன். இரண்டு வருஷத்தில் குளத்தில் கரிமீன் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தையற்காரர் வருவதை நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். சிலோப்பி எங்கள் வீட்டுக் குழம்புக்கும் வந்து சேர்ந்தது. ருசி ஒன்றும் மோசமில்லை.

எண்பதுகளின் நடுவில் சேட்டன் இறந்தார். சாவு வீட்டில் சுமைக்காரரைப் பார்த்தேன், தலை நரைத்திருந்தது. பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து, வாளி கழுவியதை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார், இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"போன ஓணத்துக்குத்தான் அண்ணே சேட்டன்கிட்டப் போயி மாப்புக் கேட்டேன். குளத்த அழிச்சது நான்தான்னு சொல்லி, கால்ல விழுந்தேன்."

"செய்யாததுக்கு எதுக்கு விழுந்தீங்க?"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கல்லா" என்றார். "நீங்களே சொன்னப்புறம், ஒண்ணு ரெண்டு உசுரோட இருந்திருக்கும்னு நானும் நம்பிட்டேன்."