செருப்புக் கடைக்கு வந்த காசு

சந்தைத் தெருவில் தராசக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பதினெட்டு வருஷம் கடை கடையாக ஏறி மின்தராசு பழுது பார்த்தவள். ஒரு கிராம்கூடப் பிசகாத கை. அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான், வாடிக்கையாளர் போனிலிருந்து அனுப்பும் கிரிப்டோ என்ற இணையக் காசை வாங்கி, கடைக்காரருக்கு அப்போதே உள்ளூர்ப் பணமாக்கித் தரும் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது.

"காத்துல வர்ற காசைக் கையால பிடிக்கப் போறியா?" என்று சிரித்தான் பஸ் ஓட்டும் புருஷன். அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். புரியாததை அடுத்தவன் தலையில் கட்ட மனசு வராது. ஒரு மாதம் உட்கார்ந்து படித்தாள். பிறகு முப்பத்தொரு கடைகளில் போனில் கம்பெனியின் செயலியைப் போட்டுக் கொடுத்து, 'இங்கே கிரிப்டோ வாங்கப்படும்' என்று வாசலில் அட்டையும் ஒட்டினாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சோதனைக்கு அவளே அனுப்பிய சில்லறையோடு சரி.

ஒருநாள் காலை செருப்புக் கடைக்காரர் கூப்பிட்டார். கால் நீளம் ஏறுக்குமாறாக உள்ளவர்களுக்கு அளவெடுத்துத் தைக்கிறவர்.

"எம்மா, கொஞ்சம் ஓடி வா. வெளிநாட்டம்மா ஒருத்தங்க. அவங்க ஊர்ல பேங்கெல்லாம் மூடிக் கிடக்காம், கார்டு வேலை செய்யல. உன் அட்டையைக் காட்டுறாங்க!"

மூச்சிரைக்கப் போனாள். அந்தப் பெண் புதுச் செருப்போடு கடைக்குள் நடந்துகொண்டிருந்தாள். கைத்தடி மூலையில் கிடந்தது. நாற்பது வயசுக்கு மேல் முதல்முறையாக நொண்டாமல் நடக்கிறாளாம். நின்றால் மறைந்துவிடுமோ என்பதுபோல நடந்துகொண்டே இருந்தாள்.

தராசக்கா கடைக்காரரின் போனில் விலையைப் போட்டாள். கட்டம் கட்டமாக க்யூஆர் குறி வந்தது. அந்தப் பெண் தன் போனை அதன்மேல் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் 'பணம் வந்தது' என்றது திரை. கீழே உள்ளூர்ப் பணத்தில், போட்ட அதே தொகை.

"இந்தக் காசு விலை ஏறி இறங்கும்னு சொல்றாங்களே?"

"அது ஏறட்டும், இறங்கட்டும் அண்ணே. உங்க தொகை அப்பவே நம்ம ஊர்ப் பணமா மாறிடுச்சு. நாளைக்கு உங்க பேங்க்ல இருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, உடம்பெல்லாம் புல்லரித்தது. பூட்டிய பேங்குகளையும் ஒரு கடலையும் தாண்டி, சத்தமே இல்லாமல், தோல் வாசம் வீசும் இந்தச் சின்னக் கடைக்குள் காசு வந்து இறங்கிவிட்டதே!

சாயங்காலம் அந்தக் காசின் விலை சரசரவென்று சரிந்தது. ராத்திரிவரை போனைத் திறந்து திறந்து பார்த்தாள். மறுநாள் கடைக்காரர் போன் பண்ணி, பேங்க் அனுப்பிய செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தார். கம்பெனி எடுக்கும் சின்னக் கமிஷன் போக, பைசா குறையவில்லை.

"என்னம்மா, கணக்கு சரியா இருக்கா?"

"சரியா இருக்குண்ணே. இன்னொரு தடவை படிங்க."